கைவிடப்பட்ட ஐரிஸ் பாத்தியைப் பிரித்து நட்ட அனுபவம்

பல வருடங்களாக யாரும் கை வைக்காத ஒரு ஐரிஸ் பாத்தியைப் பெயர்த்தெடுத்து, பிரித்து, மறுபடி நட்டேன். அதற்குப் பின் வந்த வசந்தங்களில் அது எப்படிப் பூத்தது என்பதையும் பார்த்துவிட்டேன். செய்ததை இங்கே எழுதி வைக்கிறேன். இப்படி ஒரு பாத்தி உங்களிடமும் இருந்து, "இலைதான் வருகிறது, பூவைக் காணோம், செடி போய்விட்டது" என்று பிடுங்கி எறிய நினைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் செடி போயிருக்காது. இடமும் வெயிலும் போதாமல் காத்துக்கொண்டிருக்கும்.

ஐரிஸில் ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு. சில குமிழிலிருந்து முளைப்பவை, சில குளக்கரைச் சேற்றிலேயே வளர்பவை. நான் சொல்வது தாடி ஐரிஸ். மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே மடிந்து தொங்கும். தொங்கும் இதழின் மேல் அடிப்பகுதியில் மென்மையான மயிர் வரிசை ஒன்று ஓடும், அதுதான் தாடி. குளிர்காலத்தில் நல்ல குளிர் கிடைக்கிற இடத்தில்தான் இது ஒழுங்காகப் பூக்கும். மண்ணை ஒட்டி, இஞ்சி மாதிரி கணுக்கணுவாக ஒரு கிழங்கு படுத்துக்கிடக்கும். கிழங்கு என்று நாம் சொன்னாலும் அது வேர் இல்லை, கிடைமட்டமாக வளரும் தண்டு. தண்டு என்பதால் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். இந்தச் செடியின் பிடிவாதத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

நான் பார்த்தபோது பாத்தியின் நிலைமை இது: ஒரு பாதியில் வெயில் விழுந்தது. மறு பாதியின் மேல் பக்கத்து மரத்தின் கிளை வளர்ந்து நிழல் மூடியிருந்தது. ஊர்ந்து பரவும் புல் எல்லா இடத்திலும் புகுந்திருந்தது. பழைய இலைகள் காய்ந்து அடுக்கடுக்காகப் படிந்து, நடுவில் மண்ணே தெரியவில்லை. யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை, உரம் போட்டதில்லை. கோடையில் காய்ந்தும், குளிர்காலத்தில் உறைந்தும் கிடந்த இடம். இத்தனைக்கும் நடுவில், பாத்தியின் ஓரத்தைச் சுற்றிச் சாம்பல் பச்சையில் இலைக்கொத்துகள் வளையமாக நின்றன. வெயில் பட்ட விளிம்பில் மட்டும் அந்த வருடம் இரண்டொரு பூத்தண்டு வந்திருந்தது. வளையத்தின் நடுவில் இலையே இல்லாமல், மொட்டையான பழைய கிழங்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

இந்த வளையம் ஏன் உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால், பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு கிழங்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். அதன் முனையிலிருந்து பூத்தண்டு எழும்பிவிட்டால் அந்த முனையின் வளர்ச்சி அதோடு முடிந்தது. பக்கவாட்டு மொட்டுகள் இரண்டு மூன்று புதுக் கிழங்குகளாக வெளிப்பக்கம் நகரும். அடுத்த முறை பூக்கப்போவது அவைதான். தாய்க் கிழங்கு தன்னிடம் சேர்த்து வைத்த மாவுச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே பின்னால் தங்கிவிடும். ஆக, செடி வருடாவருடம் வெளியே நடந்துகொண்டே இருக்கிறது, நடு வெறுமையாகிறது. மூன்று முதல் ஐந்து வருடத்துக்குள் புதுக் கிழங்குகளுக்கு நகர இடம் இருக்காது. ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒன்றின் வெயிலை இன்னொன்று மறைக்கும். உயிர் வாழ அது போதும், பூக்கப் போதாது. கவனிக்காமல் விட்ட பாத்தியில் முதலில் நின்றுபோவது பூ. செடி சாவது அதற்கு வெகு காலம் கழித்துத்தான், பல நேரம் அதுவும் நடப்பதில்லை.

பிரிக்கும் நேரத்தைப் பற்றி நான் கண்டிப்பானவன். பூத்து முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, கோடையின் வறண்ட நாட்களில்தான் எடுக்க வேண்டும். அப்போது செடி அரைத் தூக்கத்தில் இருக்கும், புதுக் கிழங்குகள் உருவாகியிருக்கும், அவற்றின் புது வேர்கள் கிளம்பும் தறுவாயில் இருக்கும். ரொம்பவும் தள்ளிப்போட்டால் உறைபனிக்குள் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்காது. வேர் பிடிக்காத கிழங்கை மண் உறைந்து உருகும்போது மேலே தள்ளிவிடும்.

முதலில் இலைகளைச் சுமார் 15 செ.மீ. உயரத்துக்குக் கத்தரித்தேன். வேர் அறுபட்ட செடியால் அத்தனை இலைக்கும் நீர் தர முடியாது. காற்றும் நெட்டை இலையைப் பிடித்து ஆட்டி, புதிதாய் நட்ட கிழங்கைச் சாய்த்துவிடும். அப்புறம் மண்வாரியை வளையத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளி இறக்கி, சுற்றிலும் நெம்பினேன். வேர்கள் ஆழமாகப் போவதில்லை, மேல் மண்ணிலேயே பரவியிருக்கும். ஆனாலும் ஒன்றோடொன்று பின்னியிருந்ததால் ஒரு கட்டி தூக்குவதற்கே இடுப்பு வலித்தது. வந்தது ஒரு பாய் அகலத்துக்கு. அதைக் கவிழ்த்துப் போட்டபோதுதான் இந்தச் செடியின் மீது எனக்குப் பெரிய மரியாதை வந்தது. மேலே மூன்று அடுக்குக் கிழங்கு, அதற்கும் கீழே, ஒளியே படாமல் நசுங்கிக் கிடந்தவற்றில்கூட வெள்ளை மொட்டுகள் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தன. புல்லின் வேர் ஒரு கிழங்கைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிருந்தது. அந்தக் கிழங்கும் உயிரோடு இருந்தது.

தரம் பிரிப்பதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. மண்ணை உதறி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக, கனமாக இருந்தால் நல்லது. லேசாக, தக்கையாக இருந்தால் சத்து தீர்ந்துபோன கிழம். அழுத்தினால் உள்ளே போய், கூழாக வழிந்து, நாற்றம் அடித்தால் மென் அழுகல். பாக்டீரியாவால் வரும் இந்த அழுகல், காயம் பட்ட இடத்தின் வழியாக உள்ளே நுழைந்து ஈரத்தில் பெருகும். இத்தனை நெரிசலான பாத்தியில் நிறைய இருக்கும் என்று எதிர்பார்த்தேன். பழைய இலைகள் தடித்துப் படிந்து ஈரம் தேங்கிய ஒரு மூலையில் மட்டும்தான் இருந்தது. அவற்றிலும் முழுக்க அழுகியதை மட்டும் குப்பைக்கு அனுப்பினேன், உரக்குழியில் போடவில்லை. பாதி அழுகியதை, கெட்டியான வெள்ளைச் சதை வரும்வரை கரண்டியால் சுரண்டி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த நீரில் சற்று நேரம் முக்கி எடுத்து, வெயிலில் காய வைத்தேன். ஒரு கிழங்கை வெட்டிய கத்தியையும் அடுத்ததைத் தொடும் முன் அதே நீரில் முக்கினேன். நோய் பரவுவது பெரும்பாலும் நம் கத்தியால்தான்.

கிழங்கில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வட அமெரிக்கத் தோட்டங்களில் ஐரிஸுக்கென்றே ஒரு துளைப்பான் புழு உண்டு. அந்துப்பூச்சி இலையுதிர் காலத்தில் காய்ந்த இலையில் முட்டையிடும். வசந்தத்தில் வெளிவரும் புழு இலைக்குள் சுரங்கம் போட்டு இறங்கி, கோடைக்குள் கிழங்கைக் குடைந்துவிடும். அது போட்ட ஓட்டை வழியாக அழுகலும் பின்னாலேயே வரும். காய்ந்த இலைகளைக் குளிர்காலத்துக்குள் அள்ளி அப்புறப்படுத்துவது இதற்காகத்தான். யாரும் கவனிக்காத பாத்திக்கு உண்மையில் ஆபத்து எதனால் என்று கேட்டால், வறட்சியைவிட இந்தப் பழைய இலைக் குவியலைத்தான் சொல்வேன்.

நல்லவற்றை, ஒரு இலைக்கொத்தும் அதன் பின்னால் ஒரு விரல் நீளக் கெட்டிக் கிழங்கும் சில வேர்களும் இருக்கும்படி வெட்டினேன். வெட்டிய முகம் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில், சாக்கின் மேல் பரப்பி வைத்தேன். அவசரமே வேண்டாம். மண்ணுக்கு வெளியே பல நாள் கிடந்தாலும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. அது சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தும் நீரும் அதற்குப் போதும். ஈரத்தோடு உடனே நடுவதைவிடக் காய வைத்து நடுவதே பாதுகாப்பு.

புதுப் பாத்திக்கு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். மண் கொஞ்சம் களிமண்ணாக இருந்ததால், தரைமட்டத்தைவிட ஒரு சாண் உயர்த்தி மேடாக்கினேன். மக்கிய தழை உரம் சிறிதளவு கலந்தேன், சாணம் போடவே இல்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் இலை கொழுத்து வரும், சதை மென்மையாகி அழுகலுக்குக் கதவைத் திறந்துவிடும்.

நடும் ஆழம்தான் எல்லாவற்றிலும் முக்கியம், இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். குழியின் நடுவில் மண்ணைச் சின்ன மேடாகக் குவித்து, அதன்மேல் கிழங்கை உட்கார வைத்து, வேர்களை இரு பக்கமும் சரிய விட்டு மண்ணை மூட வேண்டும். மூடி முடிந்ததும் கிழங்கின் முதுகு வெளியே தெரிய வேண்டும். மண் மணலாகவும் வெயில் கடுமையாகவும் இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு செ.மீ. மண் மேலே இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. மற்ற செடிகளை நட்டுப் பழகிய கை, இதையும் தன்னையறியாமல் புதைக்கப் பார்க்கும். புதைந்த ஐரிஸ் இலை விடும், வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், பூக்காது. என் பழைய பாத்தியிலும் நிழல் பகுதியில் சருகு மக்கி மண்ணாகிக் கிழங்குகளை மூடியிருந்தது; அங்கேதான் பூ முதலில் நின்றிருக்க வேண்டும்.

கிழங்குக்குக் கிழங்கு 40 செ.மீ. இடைவெளி விட்டேன். பார்க்கும்போது பாத்தி காலியாகத் தெரியும்; அந்தக் காலி இடம்தான் அடுத்த சில வருடப் பூக்கள். இலைக்கொத்து வெளிப்பக்கம் பார்க்கும்படி நட்டேன், ஏனென்றால் செடி இலை இருக்கும் திசையில்தான் நகரும். நட்டதும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர். அதன்பின், நடு இலை புதிதாக நீளத் தொடங்கும்வரை, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். புது இலை தெரிந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டேன். மூடாக்கு எதுவும் போடவில்லை.

இனி இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இலை இல்லாத பழைய தாய்க் கிழங்குகளைத் தூக்கி எறியச் சொல்வதுதான் வழக்கமான அறிவுரை. அவை இனி பூக்காது என்பது சரி. ஆனால் கெட்டியாக இருந்தவற்றின் பக்கக் கணுக்களில் உறங்கும் மொட்டுகள் இருந்தனவே. அவற்றை மூன்றாகப் பிரித்தேன். ஒரு பங்கை, சுவரோரம் சரளைக்கல் கலந்த மண்ணில், பாதி உடல் வெளியே தெரியும்படி அழுத்தி வைத்துவிட்டு மழையை நம்பி விட்டேன். இன்னொரு பங்கைச் சாக்கில் கட்டி, உறையாத கொட்டகையில் குளிர்காலம் முழுக்கத் தொங்கவிட்டேன். மூன்றாவது பங்கை, கூரைத் தண்ணீர் வழிந்து தேங்கும் பள்ளத்தில் நட்டேன்.

சரளையில் வைத்தவை சில வாரம் கல்லோடு கல்லாகக் கிடந்தன. பிறகு பக்கவாட்டில் பச்சை முளைகள் கிளம்பின. சில கிழங்குகளில் இரண்டு பக்கமும். குளிர்காலத்துக்கு முன்பே பெரும்பாலானவை வேர் இறக்கிவிட்டன. சாக்கில் கிடந்தவை வசந்தத்தில் சுருங்கி, தோல் வற்றி, பார்க்கவே பாவமாக இருந்தன. ஆனாலும் பருமனானவற்றில் வெளிறிய முளைகள் இருந்தன. நட்டதும் அவை பச்சை பிடித்தன, மெலிந்தவைதான் காய்ந்துபோயின. பள்ளத்தில் நட்டவை? அடுத்த வசந்தத்துக்குள் எல்லாமே கூழ். மண்ணே இல்லாமல் சாக்கில் குளிர்காலத்தைக் கடந்த அதே கிழங்குகளின் உடன்பிறப்புகள், எந்நேரமும் தண்ணீர் கிடைத்த இடத்தில் அழிந்தன. தாடி ஐரிஸைக் கொல்லும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், தேங்கும் நீரை வையுங்கள்.

வறட்சிக்கு ஏற்றபடியே இதன் உடம்பு அமைந்திருக்கிறது. இலை நீளவாக்கில் மடிந்து ஒட்டிப்போன அமைப்பு, அதனால் இரு பக்கமும் வெளிப்பக்கமே. செங்குத்தாக நிற்பதால் உச்சி வெயில் இலையின் விளிம்பில் விழுகிறது, பரப்பில் அல்ல. மேலே மெழுகுப் பூச்சு வேறு; விரலால் தேய்த்தால் சாம்பல் நிறம் போய்ப் பச்சை தெரியும். கிழங்கின் சாறு காரமானது, உண்டால் வயிற்றைப் புரட்டும். கையில் பட்டால் சிலருக்கு அரிப்பு வரும், ஆகவே வெட்டும்போது கையுறை நல்லது. இலை மேயும் மான்கூடப் பெரும்பாலும் இதைத் தொடாமல் போய்விடும்.

மனிதர்களும் இந்தப் பலத்தை வெகு காலம் முன்பே கண்டுகொண்டார்கள். பிரான்சின் நார்மண்டியில் வைக்கோல் கூரையின் முகட்டில் களிமண் பூசி, அதில் ஐரிஸ் நடுவார்கள். அதன் கிழங்கும் வேரும் அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பானிலும் வைக்கோல் கூரைகளில் இன்னொரு ஐரிஸ் இனத்தை வளர்த்திருக்கிறார்கள், அதன் பெயரே கூரை ஐரிஸ். அரேபியத் தீபகற்பத்தைச் சேர்ந்த வெள்ளை ஐரிஸ் ஒன்று, இஸ்லாமியக் கல்லறைகளில் நடப்பட்டு மத்தியதரைக் கடலைச் சுற்றிலும் பரவியது. அது விதை வைக்காத மலட்டுச் செடி. இன்று எங்கே அது இருந்தாலும், யாரோ ஒருவர் கிழங்கை ஒடித்துக் கொண்டுபோய் நட்டதால்தான் இருக்கிறது. நட்டவர்கள் போன பிறகும், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத கல்லறைகளில், அது பூத்துக்கொண்டிருக்கிறது.

சரி, என் பாத்திக்கு வருகிறேன். முதல் குளிர்காலத்தில் ஓரிரு கிழங்குகளைப் பனி மேலே தூக்கியிருந்தது. காலால் மெல்ல மிதித்து மறுபடி அமர்த்தினேன். முதல் வசந்தத்தில் நட்டவற்றில் சிறு பகுதிதான் பூத்தது, அதுவே நல்ல செய்தி. அடுத்த வசந்தத்தில் கிட்டத்தட்ட எல்லாம் பூத்தன, சில தண்டுகள் ஒரு மீட்டர் உயரம். வெளிர் ஊதா நிறம், மஞ்சள் தாடி, திராட்சைச் சாறு போன்ற மணம். மொட்டை மூடியிருந்த உறைகள் முழுக்கக் காய்ந்த வெள்ளிக் காகிதமாக இருந்ததைப் பார்த்ததும் இது எது என்று பிடிபட்டது: ஐரிஸ் பல்லிடா, குரோஷியாவின் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் தானாக வளரும் இனம். பாறை இடுக்கில் பிறந்த செடிக்குத் தண்ணீர் இல்லாத பாத்தி பெரிய தண்டனையாக இருந்திருக்காது.

இத்தாலியில் இதே இனத்தைக் கிழங்குக்காகவே பயிர் செய்கிறார்கள். தோல் சீவி, சில வருடங்கள் உலர வைத்தால்தான் வாசனைத் திரவியத்துக்கான நறுமணம் அதில் உருவாகும். நான் வெட்டிய பச்சைக் கிழங்கை முகர்ந்தபோது மண் வாசனைதான் வந்தது. தோல் சீவிய ஒரு துண்டைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்; இப்போதே லேசாக வயலட் பூவின் மணம் எட்டிப் பார்க்கிறது.

சரளையில் வைத்த தாய்க் கிழங்குகளின் பிள்ளைகள் இன்னும் பூக்கவில்லை, ஆனால் இலைக்கொத்துகள் இப்போது முழு அளவுக்கு வந்துவிட்டன. மர நிழலில் இருந்த பழைய பகுதியிலும் ஒரு சின்னக் கட்டியைத் தொடாமல் விட்டிருந்தேன். அதன் மேல் மூடியிருந்த சருகு மண்ணை மட்டும் விலக்கி, மேலே தாழ்ந்திருந்த கிளையை வெட்டினேன். பிரிக்கவே இல்லை. அதுவும் இந்த வருடம் ஒரு தண்டு விட்டது. உங்களுக்குத் தோண்ட நேரமோ தெம்போ இல்லையென்றால் இதையாவது செய்யுங்கள்: சருகை அள்ளுங்கள், கிழங்கின் முதுகைத் திறந்துவிடுங்கள், வெயிலுக்கு வழி விடுங்கள்.

அடுத்த பிரிப்பு, இப்போது விட்டிருக்கும் இடைவெளி நிரம்பிய பிறகுதான். பக்கத்தில் வேறு நிற ஐரிஸும் நடப்போகிறேன். கோடையில் இலைகளை வைத்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால், பூத்திருக்கும்போதே ஒவ்வொரு கொத்திலும் வெளி இலை ஒன்றின் அடிப்பகுதியில் அழியாத மை பேனாவால் நிறத்தை எழுதிவிட வேண்டும். இலையைக் கத்தரிக்கும்போது போய்விடாதபடி, 15 செ.மீ.க்குக் கீழேயே எழுதுங்கள்.